படுத்திருந்தவர்கள்

சில மாதங்களாக ஒரு சுதைமயில் என் நினைவை விட்டு அகல மறுக்கிறது. கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமேக் ரயில் நிலையத்தில் இறங்கி, இரண்டு ஆறுகள் கூடும் துறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிறிது தூரம் நடந்தால் லெபோ அம்பாங் வந்துவிடும். நம் பெரியவர்கள் அம்பாங் தெரு என்று வழங்கிய அதே குறுகலான தெருதான். நோட்டு மாற்றும் கடையின் கண்ணாடிக் கூண்டையும், வாழையிலைச் சோற்றுக் கடையின் எண்ணெய்ப் புகையையும், பூக்காரர் ஈரத்துணி போட்டு மூடிவைத்திருக்கும் மல்லிகைக் கூடையையும் தாண்டி, தலையை நிமிர்த்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே, ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் நெற்றியில் அந்த மயில் தென்படும். சுண்ணாம்பையும் மணலையும் குழைத்து யாரோ ஒரு கொத்தனார் பொறுமையாக வடித்த உருவம் அது. கொண்டையின் மூன்று இழைகளில் ஒன்று உதிர்ந்துவிட்டது. கழுத்தின் வளைவில் ஒரு காலத்தில் பூசியிருந்த நீலம் இப்போது மழைக்காலத்துச் சுவரின் நிறத்தை அடைந்திருக்கிறது. கீழே உள்ள கடையின் பெயர்ப்பலகையைத் தாங்குவதற்காக ஓர் இரும்புச் சட்டத்தைச் சுவரில் பொருத்தியவர்கள், அதன் நான்கு முளைகளில் ஒன்றை மயிலின் தோகையில், தோகைக்கண் ஒன்றின் நடுமையத்தில் அறைந்திருக்கிறார்கள். அந்த முளையிலிருந்து துரு வடிந்து, தோகையின் வரிகளைப் பின்பற்றியே இறங்கி, ஏதோ சிற்பியே உத்தேசித்த வர்ணம் போலக் காய்ந்திருக்கிறது. அதைக் கண்டு எனக்குக் கோபம் வந்திருக்குமானால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு மறந்திருப்பேன். கோபம் வரவில்லை. இன்னதென்று பெயர் சொல்லத் தெரியாத ஒரு சங்கடம் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் எழுந்து போகவில்லை.

முதலில், வீடாக இருந்தது கடையாகிவிட்டதே என்ற வருத்தம்தான் இது என்று எண்ணிக்கொண்டேன். அவ்வாறு எண்ணுவது எளிது. பழைய கட்டடங்களின் முன் நிற்கும் எவருக்கும் முதலில் வாயில் வரும் வாக்கியம் அது. ஆனால் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்த மாத்திரத்தில் அது என் கையில் நிற்காமல் நழுவியது. கடை என்ற சொல்லுக்கு நம் பழைய மொழியில் வாயில் என்றே பொருள். வள்ளல்களின் நெடுங்கடையில் பாணர்கள் காத்து நின்றார்கள். அங்கே எதையும் விற்கவில்லை. வீட்டின் முன்வாயில் தலைக்கடை, பின்வாயில் புழைக்கடை. கொல்லைப்புறத்தைப் புழக்கடை என்று இன்றும் சொல்லும் பாட்டிமார்கள் கிள்ளானில் இருக்கிறார்கள். வாயிலில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் செய்த காரணத்தால் வாயிலின் பெயரே அந்தத் தொழிலின் பெயராயிற்று போலும். அந்தச் சொல் கப்பலேறி இந்தக் கரையில் இறங்கி மலாய்மொழியில் கெடாய் ஆயிற்று. இந்த நாட்டின் பெயர்ப்பலகைகளில் பாதி அந்தச் சொல்லோடுதான் தொடங்குகின்றன, நம் கண்தான் அதைக் கவனிப்பதில்லை. கிள்ளானில் 1857-இல் ராஜா அப்துல்லா எழுப்பிய பண்டகசாலையைக் கெடோங் என்கிறார்கள். அந்தச் சொல்லும் நம் கிடங்கும், அம்பாங் தெருவில் வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் தங்கள் தொழிலிடத்துக்கு வைத்த கிட்டங்கி என்ற பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை என்று மொழியாராய்ச்சி செய்தவர்கள் சிலர் கருதுகிறார்கள். ஆகவே வீடு ஒருபுறம், கடை மறுபுறம் என்று பிரித்துக்கொண்டு துக்கப்படுவதற்கு என் பாஷையே எனக்கு இடம் கொடுக்கவில்லை. வாயில் இல்லாத வீடு உண்டா?

இந்த ஊரின் மண்ணும் அப்படித்தான். 1881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும் அது முடிவதற்குள் வெள்ளமும் வந்து, அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த கோலாலம்பூரை ஏறக்குறையத் துடைத்துவிட்டன. மறு ஆண்டு பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டே இனிக் கட்டவேண்டும் என்று விதித்தார். சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் சூளை போட்டார். அந்தச் சூளைகள் இருந்த களிமண் வெளிதான் பிரிக்பீல்ட்ஸ். நாம் இன்று இட்லி தின்றுவிட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டு, கல்யாணப் புடவை பார்க்கப் போகிற அந்த இடத்தின் மண்ணே வெந்து செங்கல்லாகி இந்தத் தெருக்களின் சுவராயிற்று. 1886-இல் கிள்ளான் பக்கம் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று; 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறந்தது; நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தவன் துறைமுகத்தில் இறங்கிக் கிள்ளான் வழியாக நேரே இந்தச் செங்கற்களின் நடுவே வந்து சேர்ந்தான். அவன் கண்ட கட்டடங்கள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை: தெருவைப் பார்க்கும் முகம் குறுகியது, உடல் நீண்டது, நடுவே வானம் பார்த்த ஒரு முற்றம், கீழே வியாபாரம், மேலே படுக்கை. முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு தாழ்வாரம். 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்காக வகுத்த திட்டத்திலிருந்து பரவிய அந்தத் தாழ்வாரத்துக்கு ஐந்தடி அகலம் என்று கணக்கு. மலாய்க்காரர் காக்கி லீமா என்றார்கள், நாம் அஞ்சடி என்றோம். எனக்கு அந்தச் சொல்லின்மேல் தனியான பிரியம் உண்டு. சட்டத்தில் அது பொதுவழி, ஆனால் அதன் தரை கட்டடத்துக்காரருடையது. நடந்து போகிறவனுக்கும் உரிமை, முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் உரிமை. பூக்காரர், கிளி ஜோசியக்காரர், செருப்புத் தைப்பவர், மழைக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆகிய அத்தனை பேருக்கும் அந்த ஐந்தடியில் இடம் இருந்தது. பழைய நெடுங்கடையின் வாரிசு இந்த அஞ்சடிதான் என்று சில வேளைகளில் தோன்றும்.

அந்த அஞ்சடியில்தான் அவரைச் சந்தித்தேன். மயில் இருக்கும் கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில், மாலை நேரங்களில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு அமர்ந்திருப்பார், எண்பதைத் தாண்டியவர், ஐம்பதுகளில் சிறுவனாக இந்தத் தெருவில் ஒரு கோப்பிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். கிட்டங்கிகளுக்குக் காலையிலும் மாலையிலும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான். உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டேன். கூடம் நீளமாக இருக்கும், நாற்காலி ஒன்றுகூட இருக்காது என்றார். சுவரோரமாக வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு விலாசம். ஆனா மூனா என்று எழுத்துகளைச் சொல்லியே அந்த நிறுவனங்களை அழைப்பார்கள். ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு விலாசங்கள் இருக்கும். பெட்டிக்கு முன்னால் சாய்மேசை, அதன் பின்னே சம்மணமிட்டு, வேட்டியும் மேல்துண்டும் மட்டும் அணிந்த மேலாள், பக்கத்தில் அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். அந்த இடத்துக்கே பெட்டியடி என்றுதான் பெயர். கடன் கேட்டு வருகிற சீன முதலாளியும் மலாய்க்காரரும் எஸ்டேட் கிராணியும் செருப்பைக் கழற்றிவிட்டு அதே தரையில் உட்காரவேண்டும். பேரேட்டின் தலையில் பிள்ளையார் சுழி. சுவரில் பழநியாண்டவர் படம். விபூதி மணம், நோட்டுக் கட்டின் மணம், பின்கட்டிலிருந்து வரும் மிளகுக் குழம்பின் மணம். இவ்வளவையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த நான், உரையாடலை நீட்டிக்கும் ஆசையில், “ஐயா, அப்ப அது எந்தச் செட்டியாரோட வீடு?” என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “வீடா? அங்க யாரு தம்பி குடியிருந்தா? எல்லாரும் படுத்திருந்தாங்க. ராத்திரி பெட்டியப் பூட்டிட்டு அது பக்கத்துலயே பாயப் போட்டுப் படுத்துக்குவாங்க. மூணு வருஷம். அப்புறம் கப்பலேறிடுவாங்க. வேற ஆளு அதே பாயில வந்து படுப்பாரு.”

குடியிருத்தல் வேறு, படுத்திருத்தல் வேறு என்பதை அந்தப் பெரியவர் சொல்லித்தான் நான் அறிந்தேன் என்றால் அது மிகையில்லை. என் வருத்தத்தின் அஸ்திவாரமே அத்துடன் ஆட்டம் கண்டது. நான் எதை வீடு என்று எண்ணி இரங்கினேனோ அது வீடாக இருந்ததேயில்லை. அங்கே பெரும்பாலும் ஸ்திரீகள் இல்லை. தொட்டில் கட்டிய உத்தரம் இல்லை. பிரசவமும் இல்லை, பூப்பு நீராட்டும் இல்லை. வாசலில் கோலம் விழுந்திருந்தால் அது கூலிக்கு வந்தவள் போட்டதாக இருக்கும். சாவு நேர்ந்திருக்கலாம், ஆனால் பதினாறாம் நாள் காரியம் ஊரில்தான் நடந்திருக்கும். கடல் கடந்து தொழிலுக்குப் போவதை, நகரத்தார் எனப்படும் அந்தச் செட்டியார்கள் கொண்டுவிக்கப் போதல் என்பார்கள். எங்கே போனார் என்று கேட்டால், கொண்டுவிக்கப் போயிருக்கிறார் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள். வீட்டில் உள்ளவர்கள் என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். வீடு காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் இருந்தது. அந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் புழைக்கடை என்று ஊரையே குறுக்கே அளக்கும் நீளம். பர்மாத் தேக்கில் இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காத தூண்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய சுவர். வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றிலும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை. அந்தப் பிரம்மாண்டத்தில் காலடி வைத்தபோது, இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியவர் தம் ஆயுளில் எத்தனை இரவுகள் இதில் உறங்கியிருப்பார் என்று என்னை அறியாமலே கணக்குப் போட்டேன். மூன்று வருஷம் அம்பாங் தெருவில் ஆறடிப் பாய்; சில மாதங்கள் ஊர்; மறுபடியும் கப்பல். அவர் கட்டிய வீட்டில் அவர் விருந்தாளி. அவர் உறங்கிய இடம் அவருக்கு வீடல்ல. மனிதன் வீட்டை ஓரிடத்திலும் உறக்கத்தை மற்றோரிடத்திலும் வைத்துக்கொண்டு ஒரு ஜீவிதத்தைக் கழித்துவிட முடியும் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

இன்று அந்தப் பெரிய வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் நாற்பது ஐம்பது பேராகப் பெருகி, கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் கதவைத் திறக்கிறார்கள். விற்க நேர்ந்தவர்கள் முழு வீடாக விற்பதில்லை; பிரித்து விற்கிறார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் அந்த வீடுகளைக் கடைகளில் காணலாம்: நிலைக்கதவின் லட்சுமி ஒரு மூலையில், உத்தரத்தின் யாளி மற்றொரு மூலையில், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பீங்கான், எனாமல் அடுக்குச் சட்டி, யாருடையதென்று யாருக்கும் தெரியாத தம்பதிகளின் புகைப்படம். அங்கே ஒரு கைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். தேக்கில் செய்தது, மேல்மூடியில் பித்தளைப் பூண், உள்ளே சில்லறைக்குச் சிறு கிண்ணங்கள் போலக் குடைந்த பள்ளங்கள், அவற்றில் ஒன்றின் அடியில் விரல் பட்டுப் பட்டு மரம் எண்ணெய்க் கறுப்பாக வழுவழுத்திருந்தது. எந்தக் கரையில் எந்தக் கிட்டங்கியில் அது திறந்து மூடியதோ! விலை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன் என்ற பயம். ஒரு கட்டடம் கடையாக மாறுவதை அம்பாங் தெருவில் கண்டு சஞ்சலப்பட்ட எனக்கு, ஒரு வீடே துண்டு துண்டாகக் கடைக்குள் வந்து சேர்வதைக் கண்ட அன்று, முன்னதன் துக்கம் மிகச் சிறியதாகத் தோன்றியது. இங்கே சுவர்களாவது நிற்கின்றன. மயில் தன் இடத்திலேயே இருக்கிறது.

ஆயினும் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது; அதைச் சொல்லாமல் மயிலின் அழகை மட்டும் பேசுவது நேர்மையாகாது. கிட்டங்கியின் பேரேட்டில் கடனாளிகளாக இருந்தவர்களும் மனிதர்கள்தாம். 1910-ஐ ஒட்டிய ரப்பர் செழிப்பில், வங்கிகள் வாசலில்கூட நிற்கவிடாத சிறுதோட்டக்காரனுக்கும் ஈயக்கொல்லைக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் கடன் கொடுத்தது இந்தப் பெட்டியடிதான். அந்தப் பணம் இல்லாவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ மரங்கள் நடப்பட்டிரா, எத்தனையோ கட்டடங்கள் எழும்பியிரா. 1929-க்குப் பின் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனபோது, ஈடு வைத்த நிலப்பட்டாக்கள் அதே பெட்டிகளுக்குள் போய்த் திரும்பி வராமல் தங்கியதும் உண்மை. மலாய்க்காரர் நிலம் அந்நியர் கைக்குப் போகலாகாது என்று 1913-இல் செய்த ஒதுக்கீட்டுச் சட்டத்தை 1933-இல் மேலும் இறுக்கினார்கள். அந்த இறுக்கத்துக்குக் காரணமானவர்களில் நம் செட்டியார்களும் உண்டு. பின்னர் 1942 ஜனவரியில் ஜப்பானியர் நகருக்குள் வந்தார்கள்; வாழைமர நோட்டு அச்சாயிற்று; வெள்ளிக்காசில் வாங்கிய கடனைச் சிலர் அந்தக் காகிதத்தில் அடைத்துவிட்டுப் போனார்கள்; வாங்கமாட்டேன் என்று சொல்லும் தைரியம் எவருக்கும் இல்லை. வட்டியால் நிலம் இழந்தவனுடைய பேரன் இன்று அந்தத் தெருவில் நடந்து வந்து மயிலைப் பார்த்தால் அவனுக்கு என்ன தோன்றும்? அவனுக்கும் அது அழகாகத்தான் தோன்றும் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் அந்த முளை அறைந்த தோகையைப் பார்த்து என்னைப்போல் அவனும் வருந்தவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. என் சங்கடத்தின் ஒரு பகுதி இதுதானோ என்று பல நாள் யோசித்தேன், இருக்கலாம், ஆனால் முழுவதும் இதுவல்ல.

கிட்டங்கிகள் எப்போது ஓய்ந்தன என்று ஒரு தேதி குறிப்பதற்கில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளை எழுபதுகளில் நகரச் சீரமைப்பு கொண்டுபோயிற்று. அங்கே செங்கல்லும் மிஞ்சவில்லை. இங்கே அவ்வாறு நிகழாமல் காத்தது பெரும்பாலும் வறுமையும் ஒரு சட்டமும்தான். 1948 ஜனவரிக்குப் பிந்தாத கட்டடங்களின் வாடகை ஏறவிடாமல் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிடித்துவைத்திருந்தது. வாடகை ஏறாத கட்டடத்தை உடையவர் பழுதுபார்க்கவும் மாட்டார், இடிக்கவும் முடியாது. ஆகவே சுவர்கள் நரைத்துக்கொண்டே நின்றன, தையற்காரரும் அச்சுக்கோப்பவரும் பலசரக்குக்காரரும் அவற்றின் நிழலில் அற்ப வாடகையில் பிழைத்தார்கள். 1997-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்யத் தீர்மானித்து, 2000-ஆம் ஆண்டு பிறந்த அன்று அது முழுவதும் நீங்கிற்று. அதன்பின் மாற்றம் துரிதமாயிற்று. பெட்டியடிக் கூடத்துக்கு நடுவே பலகை வைத்து இரண்டு கடை. முற்றத்தின் வானத்துக்குத் தகரம். பின்கட்டில் குளிர்சாதனப் பெட்டி. பிரிக்பீல்ட்ஸில் 2010-இல் லிட்டில் இந்தியா திறந்தபோது வளைவும் வர்ணமும் வந்தன. அங்கும் மாடி ஜன்னல்களை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. இவற்றை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கடை நடத்துகிறவருக்குப் பெயர்ப்பலகை வேண்டும், பலகைக்குச் சட்டம் வேண்டும், சட்டத்துக்கு முளை வேண்டும். முளை அறைய வந்த தொழிலாளி ஏணியில் நின்றபடி, சுவரில் எங்கே சுண்ணாம்பு கனமாக இருக்கிறது என்று தட்டிப் பார்த்திருப்பான். கனமான இடம் மயில்தான். அந்தச் சுதைக்காரனின் வேலை அவ்வளவு உறுதி.

எனக்கு விடை கிடைத்தது, அல்லது சங்கடம் வேறு உருவம் எடுத்தது, ஒரு வியாழக்கிழமை இரவில். ஏதோ வேலையாக நேரம் கடந்துவிட்டது. பதினோரு மணிக்கு மேல் அந்தத் தெரு வழியாக நடந்தேன். பகலில் மனிதரை இடித்துக்கொண்டு நடக்கவேண்டிய அஞ்சடியில் அப்போது என் காலடியோசை மட்டும் கேட்டது. இரும்புச் சுருள்கதவுகள் இறங்கியிருந்தன. பூக்காரர் கழுவிவிட்ட இடத்தில் தண்ணீர் காயாமல் மல்லிகைக் காம்புகள் ஒட்டிக்கிடந்தன. வடிகாலில் பெருச்சாளி ஒன்று அவசரமில்லாமல் போயிற்று. அப்போதுதான் உறைத்தது. பகலில் இந்தத் தெருவில் எதுவும் குறையவில்லை. வியாபாரம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பணத்தைக் கடல்கடந்து அனுப்புவது அன்று உண்டியலில் நடந்தது, இன்று கண்ணாடிக் கூண்டில் நடக்கிறது. போனது இரவு. பெட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்து, நாளைக்கு வரவேண்டிய தவணைகளை மனத்துக்குள் ஓட்டியபடி, ஊரில் பிறந்து இன்னும் முகம் பாராத குழந்தையை நினைத்தபடி, ஒருவர் இருமுவதும் மற்றொருவர் முருகா என்று புரண்டு படுப்பதுமாக இருந்த அந்த நீண்ட கூடத்தின் இரவுதான் போய்விட்டது. குடியிருப்பு என்று அதைச் சொல்ல அந்தப் பெரியவர் மறுத்தார். ஆனால் ஒரு சுவருக்குள் மனிதர்கள் அயர்ந்து உறங்கியிருந்தால், தங்கள் உணர்வற்ற உடலை அந்தக் கூரையை நம்பி ஒப்படைத்திருந்தால், அந்தச் சுவருக்கும் அவர்களுக்கும் ஏற்படும் பந்தத்துக்கு வேறு என்ன பெயர் கொடுப்பது? இப்படி எண்ணிக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். மயிலுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.

ஜன்னல் கம்பியில் சாரம் இரண்டும் தொழிற்சாலைச் சீருடை ஒன்றும் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே மின்விசிறி சுழல்வது கூரையில் நிழலாகத் தெரிந்தது; நிழல் விழுந்து எழும்போது, பலகையால் தடுத்த அறைகளின் மேல்விளிம்பு வரிசையாகப் புலப்பட்டது. அடுத்த கதவு, பகலில் நான் மின்சாரப் பெட்டி என்று எண்ணிக் கடந்து போயிருந்த ஓர் ஒடுங்கிய கதவு, திறந்துகொண்டது; குப்பைப் பையோடு ஓர் இளைஞன் இறங்கி வந்தான். அவனுக்குப் பின்னால் மரப்படிகள் செங்குத்தாக மேலே போயின. கைப்பிடிக் கட்டையின் வளைவில் தேக்கு எண்ணெய்க் கறுப்பாக வழுவழுத்திருந்தது. காரைக்குடியில் என் விரல் பட்ட அதே கறுப்பு. அவன் வங்காளதேசத்தவன், எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய் மட்டுமே. உணவுக்கடை ஒன்றில் பாத்திரம் கழுவுகிறானாம். வந்து மூன்று வருஷம் ஆகிறதாம். மேலே எத்தனை பேர் என்றேன். பதினான்கு என்று விரலைக் காட்டினான். இங்கேதான் குடியிருக்கிறாயா என்று கேட்க, எனக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல் திங்கால். அந்தச் சொல்லுக்கு வசித்தல் என்றும் பொருள், விட்டுச்செல்லுதல் என்றும் பொருள். இத்தனை வருஷமாக வாயில் புழங்கிய அந்தச் சொல்லின் இரண்டு முகமும் அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. அவன் தலையை அசைத்து மறுத்தான். தீடோர் சாஜா, அண்ணே, என்றான், தூங்குவது மட்டும்தான். அண்ணே என்பதை அவன் தமிழில் சொன்னான். அவன் வேலை செய்யும் கடையில் கற்றிருப்பான்.

குப்பையை வைத்துவிட்டு, அஞ்சடித் தூணில் சாய்ந்தபடி கைப்பேசியில் யாரையோ அழைத்தான். மறுமுனையில் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. இங்கே நள்ளிரவை நெருங்கும் வேளை, அங்கே இரண்டு மணி நேரம் பின்னால். அவன் ஒவ்வொரு வார்த்தையையும் குறைத்துக் குறைத்துப் பேசினான், மேலே உறங்குகிறவர்களை எழுப்பிவிடலாகாது என்பதுபோல. பாரம்பரியக் கட்டடம் என்றும் கலாசாரச் சின்னம் என்றும் நாம் பேசும் பேச்சில் அவன் வருவதில்லை. 2005-ஆம் ஆண்டின் மரபுச் சட்டத்தைப் புரட்டினாலும் அவனுக்கு அதில் இடம் இராது. மயிலைக் காப்பாற்றவேண்டும் என்று நாளைக்கு யாராவது முன்வந்தால், முளையைப் பிடுங்கித் தோகையைச் செப்பனிட்டு, மாடியைச் சுத்தம் செய்து, அங்கே ஒரு கண்காட்சிக் கூடமோ கோப்பிச் சாலையோ வைப்பார்கள். பெட்டியடி இருந்த இடத்தைக் காட்டி ஒரு பலகையும் எழுதி வைப்பார்கள். அந்தப் பதினான்கு பாய்களும் வேறு எங்கோ போகும். அப்படி ஒரு முயற்சிக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. மயில் மிக அழகானது. அன்றிரவு அவன் பேசி முடித்து மேலே ஏறினான். படிகள் ஒவ்வொன்றாக முனகுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பதினேழு வரை எண்ணினேன். ஜன்னலுக்கு அருகே ஓர் உருவம் குனிந்து எதையோ உதறி விரித்தது. பிறகு விளக்கு அணைந்தது.